55 அங்குல டிவி: ஓஎல்இடியா, மினி எல்இடியா, சாதா எல்இடியே போதுமா?

ஹால்55:
ஹால் 12க்கு 16 அடி. கிழக்கே பெரிய ஜன்னல், அதற்கு நேர் எதிர்ச் சுவரில் டிவி. சோபாவிலிருந்து திரை 8 அடி. பக்கவாட்டில் ஒரு கட்டில். அங்கே உட்கார்ந்தால் திரை நன்றாகவே சாய்ந்துதான் தெரியும். காலை 6 முதல் 11 வரை செய்தி சேனல், சாயங்காலம் சீரியல், சீசனில் கிரிக்கெட், பத்து மணிக்கு மேல் விளக்கணைத்து ஒரு படம். மொத்தம் நாளைக்கு 10 மணி நேரம் ஓடும். 55 அங்குலம் என்பது முடிவாகிவிட்டது. ஓஎல்இடி, மினி எல்இடி, க்யூஎல்இடி, சாதா எல்இடி, நாலில் எது? காரணத்தோடு அடித்துக்கொள்ளுங்கள்.

கும்மிருட்டு:
முதலில் பட்டியலைச் சுருக்குவோம். க்யூஎல்இடி என்பது தனி ரகமே இல்லை. தானாக எரியாத எல்சிடி பேனல், பின்னால் நீல எல்இடி, நடுவில் நிறம் கூட்டும் குவாண்டம் டாட் (நுண்துகள்) படலம், அவ்வளவுதான். 2017இல் சாம்சங் அந்தப் பெயரை வைத்ததிலிருந்து ஓஎல்இடி என்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. நிறம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். கறுப்பு அதே சாம்பல் கறுப்புதான்.

சாதா எல்இடிக்கும் அதே குறைதான். ஆக, போட்டி ஓஎல்இடி, மினி எல்இடி (பின்னொளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து அணைக்கும் எல்சிடி) என்று இரண்டே பேருக்கு. என் ஓட்டு ஓஎல்இடிக்கு. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, தானே அணைகிறது. இருட்டு அறையில் படம் பார்க்கிற உங்களுக்கு அந்த வித்தியாசம் முதல் காட்சியிலேயே தெரியும். கட்டிலில் இருப்பவருக்கும் நிறம் வெளிறாது. எல்சிடியில் அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் சீரியல் நாயகியின் பட்டுப்புடவை, சாயம் போன வாயில் புடவை ஆகிவிடும்.

பின்னொளி:
கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ஐந்து மணி நேரம் செய்தி. அடியில் ஓடும் பட்டை, மூலையில் சேனல் சின்னம், சிவப்பில் "முக்கியச் செய்தி" பெட்டி. ஓஎல்இடிக்கு எமன் வேறு எங்கிருந்தும் வர வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். ஓஎல்இடியில் திரையின் சின்னப் பகுதி மட்டும் எரியும்போதுதான் விளம்பரத்தில் சொல்லும் நிட்ஸ் (திரை ஒளியின் அளவு) கிடைக்கும். முழுத் திரையும் வெளுப்பாகிவிட்டால் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த டிவி தானாகவே ஒளியைக் குறைக்கும். நடுத்தர விலை ஓஎல்இடி சிறிய பகுதியில் 800, 1000 நிட்ஸ் காட்டினாலும் முழு வெள்ளையில் 200க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பகல் ஆட்டக் கிரிக்கெட் அப்படிப்பட்ட காட்சிதான்: திரை முழுக்க வெயில் அடிக்கிற மைதானம். நல்ல மினி எல்இடி அதே இடத்தில் 500க்கு மேல் அசராமல் நிற்கும். ஜன்னல் எதிரே இருக்கும் ஹாலில் இது சின்ன விஷயம் இல்லை.

கும்மிருட்டு:
"எமன்" என்று ஒரே சொல்லில் முடித்தால் எப்படி? பர்ன்-இன் (திரையில் நிலையாகப் பதிந்துவிடும் தடம்) என்பது ஒரு சின்னம் ஒரு மணி நேரம் நின்றதால் வருவதில்லை. அந்த இடத்துப் பிக்சல்கள் மற்றவற்றைவிட எத்தனை ஆயிரம் மணி நேரம், எவ்வளவு ஒளியோடு கூடுதலாக உழைத்தன என்பதுதான் கணக்கு. ஒளியைக் குறைத்தால் தேய்மானமும் குறையும். செய்திக்கு எச்டிஆர் (கூடுதல் ஒளி கேட்கும் பட வகை) கிடையாது. 150, 200 நிட்ஸில் ஓடினால் போதும். செய்ய வேண்டியவை:

செய்தி பார்க்கிற இன்புட்டுக்கு மட்டும் ஓஎல்இடி ஒளி அளவை 40, 50க்கு இறக்குங்கள். "விவிட்" என்கிற பளீர் பட மோட் பக்கமே போகாதீர்கள். சின்னத்தை மங்கலாக்கும் வசதியும், படத்தை அவ்வப்போது சில பிக்சல் நகர்த்தும் வசதியும் இயக்கத்தில் இருக்கட்டும். ஏறக்குறைய 4 மணி நேரம் ஓடியபின் ரிமோட்டில் அணைத்தால் டிவி ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். எல்ஜியில் 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை நீண்ட சுற்று ஒன்று தானாக ஓடும், சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். உங்கள் 10 மணி நேரக் கணக்குக்கு 200 நாளைக்கு ஒரு தடவை. அந்த நீண்ட சுற்றைக் கையால் அடிக்கடி ஓட்டாதீர்கள், அதுவும் பேனலுக்கு உழைப்புதான்.

பட்டறைவாசி:
எல்லாம் சரிண்ணே. ஆனா "ரிமோட்ல அணைச்சா"ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அங்கதான் இடிக்குது. நம்ம வீடுகள்ல படுக்கறதுக்கு முன்னாடி செவுத்து சுவிட்சையும் சேத்து அணைச்சாதான் அப்பாவுக்குத் தூக்கம் வரும். கரண்ட் இல்லாம அந்தச் சுத்து எப்படி ஓடும்? தினமும் சுவிட்சை அணைக்கற வீட்டுல ஓஎல்இடிய மாட்டுனா, அது கழுவாம அடுக்கி வெச்ச தட்டு மாதிரி. கறை ஏறிக்கிட்டே போகும். வாங்கறதா இருந்தா சுவிட்ச் மேல ஒரு செல்லோ டேப் ஒட்டிடுங்க.

பின்னொளி:
செல்லோ டேப் ஒட்டிக் காப்பாற்ற வேண்டிய டிவி எதற்கு என்பதே என் கேள்வி.

கும்மிருட்டு:
அப்படியென்றால் மினி எல்இடியின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாமே. 4கே திரையில் 82,94,400 பிக்சல். பின்னால் 500 ஜோன் (தனித்தனியே எரிந்து அணையும் பின்னொளிப் பகுதி) என்று வையுங்கள். பட்ஜெட் மாடல்களில் அதுகூட இருப்பதில்லை. ஒரு ஜோனுக்கு சுமார் 16,600 பிக்சல். 55 அங்குலத் திரை 122க்கு 68.5 சென்டிமீட்டர்; 500ஆல் வகுத்தால் ஒரு ஜோன் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் சதுரம். இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால், எழுத்து எரிய அந்தச் சதுரம் முழுவதும் எரிய வேண்டும். எழுத்தைச் சுற்றி மாவு தூவினதுபோல ஒளி வட்டம். கட்டிலிலிருந்து பார்த்தால் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

பின்னொளி:
சதுரம் சரி, கசிவை விட்டுவிட்டீர்கள். எரிகிற ஜோனிலிருந்து எவ்வளவு ஒளி கறுப்புப் பகுதிக்கு ஒழுகுகிறது என்பது எல்சிடி பேனல் விஏ வகையா, ஐபிஎஸ் வகையா என்பதைப் பொறுத்தது. விஏ பேனலின் சொந்த கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) 5000:1 என்றால், 500 நிட்ஸ் ஜோனில் கறுப்பு 0.1 நிட். ஐபிஎஸ் வகையில் 1000:1. அதே இடத்தில் 0.5 நிட், ஐந்து மடங்கு. வட்டம் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். விஏ பேனலும் கணிசமான ஜோனும் சேர்ந்தால், சோபாவில் நேராக உட்கார்ந்திருப்பவர் வட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் கட்டில் விஷயத்தில் நான் தோற்றேன். 30 டிகிரி தாண்டினால் விஏ வெளிறத்தான் செய்யும். கோணத்தைக் கூட்ட மேலே ஒரு படலம் ஒட்டி விற்கிற மாடல்களும் உண்டு. அந்தப் படலம் நேர்ப் பார்வையின் கான்ட்ராஸ்ட்டைத் தின்றுவிடும்.

சைடு சீட்:
அப்ப கட்டில்காரர் பக்கம் பேச நான் வந்தேன். பகலில் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து பார்க்கிற ஹாலுக்கு ஐபிஎஸ் அல்லது அதே குடும்பத்து ஏடிஎஸ் பேனல் போட்ட சாதா டிவியே தாராளம். விளக்கு எரியும்போது 1000:1க்கும் 5000:1க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் இரண்டையும் ஒரே சாம்பலாக்கிவிடும். இருட்டில் படம் பார்ப்பது நாளைக்கு இரண்டு மணி நேரம். மிச்ச எட்டு மணி நேரத்துக்கு வாங்குங்கள்.

ஒரே எச்சரிக்கை: ஒரே மாடல் எண்ணில் ஒரு தொகுதிக்கு விஏ, இன்னொரு தொகுதிக்கு ஏடிஎஸ் என்று மாற்றிப் போடுவது உண்டு. கடையில் ஓடுகிற பெட்டியில் போன் கேமராவைத் திரைக்கு ஒட்டினாற்போல வைத்து மேக்ரோவில் எடுங்கள். நேர் செவ்வகங்களாக நின்றால் பெரும்பாலும் விஏ. அம்புமுனை போல வளைந்திருந்தால் ஐபிஎஸ் குடும்பம். வீட்டுக்கு வந்த பெட்டியிலும் அதே சோதனையைச் செய்யுங்கள், ஸ்டிக்கரைக் கிழிக்கும் முன்.

கும்மிருட்டு:
இருட்டு அறையில் ஐபிஎஸ் பேனலில் படமா? அது மூடுபனியில் பௌர்ணமி பார்ப்பது. இரண்டு மணி நேரம்தான் என்றாலும், மனுஷன் டிவி வாங்குவதே அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான். செய்தி ரேடியோவில்கூடக் கேட்கலாம்.

பட்டறைவாசி:
படம் எப்படித் தெரியும்னு எல்லாரும் பேசிட்டீங்க. தெரியாம போனா என்ன ஆகும்னு நான் சொல்றேன்.

சாதா எல்இடி டிவில பின்னாடி ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா எல்இடி இருக்கும், சீரியல் பல்பு மாதிரி வரிசையா கோத்திருக்கும். அதுல ஒண்ணு உள்ள அறுந்து ஓபன் ஆனா மொத்த வரிசையும் போச்சு; எல்இடிக்குக் கரண்ட் குடுக்கற டிரைவர் சர்க்யூட் பழுதுன்னு கண்டுபிடிச்சு எல்லாத்தையும் அணைச்சுடும். சத்தம் வரும், படம் வராது. டார்ச்சைத் திரைல சாய்ச்சு அடிச்சா உள்ள படம் மங்கலா ஓடறது தெரியும். தெரிஞ்சா பேனல் நல்லாருக்கு, பின்னாடி இருக்கற பேக்லைட்தான் பழுது. இது சரிபண்ணக்கூடிய வேலை. ஆனா செத்த ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, மிச்சதும் அதே வயசுதான். முழு செட்டையும் மாத்தணும். 3 வோல்ட் எல்இடியா 6 வோல்ட்டான்னு பாத்து அதையே போடணும். டிரைவர் பக்கத்துல இணையா இருக்கற, கரண்ட் அளவ முடிவு பண்ற கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டர்ல ஒண்ணைக் கழட்டிட்டா கரண்ட் கொறையும், வெளிச்சம் கொஞ்சம் போனாலும் ஆயுசு கூடும். திரைல அங்கங்க வெள்ளைப் பொட்டு மாதிரி தெரிஞ்சா எல்இடி மேல இருக்கற லென்ஸ் கழண்டு விழுந்திருக்குன்னு அர்த்தம். அதுக்குப் போய் பேனல் மாத்தச் சொன்னா எழுந்து வந்துடுங்க.

இதுல உயிர்போற எடம் கண்ணாடியைத் தூக்கறதுதான். ரெண்டு பேர் வேணும். ஓரத்துல இருக்கற ஃபிலிம் மாதிரி ஐசி ஒட்டு ஒண்ணு கிழிஞ்சாலும் நெட்டுக்க கோடு விழும், அதோட கதை முடிஞ்சுது.

மினி எல்இடில பெரும்பாலும் இந்த ஸ்ட்ரிப் கதை கெடையாது. நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல சின்ன எல்இடி பலகைலயே சால்டர் பண்ணியிருக்கும். பலகையாத்தான் மாத்தணும், பலகை சந்தைல லேசுல கெடைக்காது. ஓஎல்இடி பேனல் போனா கேக்கவே வேணாம், பேனல் வெலையும் டிவி வெலையும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால ரெண்டுல எது வாங்குனாலும் பேனல் வாரண்டி எத்தனை வருஷம்னு பாருங்க. பர்ன்-இன் அதுல சேருமா சேராதான்னு எழுத்துல வாங்குங்க.

ஓரத்துல மட்டும் எல்இடி வெச்ச ஒல்லி டிவியத் தொடாதீங்க. அந்தச் சூட்டுல ஒளியைப் பரப்பற அக்ரிலிக் தகடு வளைஞ்சு, திரை திட்டுத் திட்டா ஆகும்.

பின்னொளி:
கடைசி வரிக்கு வழிமொழிகிறேன். டிவிகளைச் சோதித்துப் பார்க்கிற ஆர்டிங்ஸ் தளம் 100 டிவிகளை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டுச் செய்த நீண்டகாலச் சோதனையிலும் ஓரத்து எல்இடி ரகங்கள் அடிவாங்கின. எல்சிடி என்றாலே நூறாண்டு வாழும் என்று நான் சொல்லவில்லை. பேக்லைட்டை 100இல் வைக்காமல் 60, 70இல் ஓட்டினால் அதற்கும் ஆயுசு நீளும்.

கும்மிருட்டு:
அதே சோதனையில் ஓஎல்இடிகளில் செய்திச் சேனல் தடம் விழுந்ததையும் மறைக்கவில்லை, நானே சொல்கிறேன். ஆனால் அது திட்டமிட்ட சித்திரவதை: நாளெல்லாம் ஒரே செய்திச் சேனல். இவர் ஐந்து மணி நேரத்துக்குப்பின் சீரியலுக்கு மாறுகிறார்.

ஹால்55, ஓஎல்இடிக்குள்ளும் இரண்டு ரகம் உண்டு. எல்ஜி பேனல்கள் வெள்ளை ஒளிக்கு மேல் நிற வடிகட்டி வைத்தவை. 2022இல் வந்த க்யூடி-ஓஎல்இடி, நீல ஒளியைக் குவாண்டம் டாட்டால் சிவப்பும் பச்சையுமாக மாற்றுவது. இரண்டாவதில் நிறம் அள்ளும். ஆனால் முகப்பில் போலரைசர் (வெளி ஒளியைத் தடுக்க உதவும் படலம்) இல்லாததால் வெளிச்சம் பட்டால் கறுப்பு லேசான ஊதாச் சாம்பலாகும். ஜன்னல் எதிரே இருக்கும் சுவருக்கு அது வேண்டாம்.

ஹால்55:
ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுவிடலாம். சுவிட்ச் விஷயம்தான் இடிக்கிறது. அணைக்காதே என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாயிற்று, பலன் பூஜ்யம். விலையில் ஜிஎஸ்டி குறைந்தது எவ்வளவு?

சைடு சீட்:
32 அங்குலத்துக்கு மேல் 28லிருந்து 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல். வரிக்கு முந்தைய விலை ஒரு லட்சம் என்றால் 1,28,000 என்றது 1,18,000. பழைய விலையை அடித்துப் போட்டு "தள்ளுபடி" என்று இதையே காட்டினால் ஏமாறாதீர்கள்.

பின்னொளி:
சுவிட்சை அணைப்பார்கள் என்பது உறுதியானால் விவாதம் அங்கேயே முடிந்தது: விஏ பேனல், 500 ஜோனுக்குக் குறையாத மினி எல்இடி. கட்டிலைத் திரைக்கு நேராக ஒரு அடி நகர்த்துங்கள். ஜோன் எண்ணிக்கையை அட்டைப்பெட்டியில் போடாத கம்பெனி எதையோ மறைக்கிறது.

கும்மிருட்டு:
கட்டிலை நகர்த்துவதைவிட சுவிட்ச் போர்டில் டிவி பிளக்கை மட்டும் சுவிட்ச் இல்லாத தனி இணைப்பாக மாற்றலாம். எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி வேலை.

பட்டறைவாசி:
ஐயோ, அந்த யோசனை வேணாம். இடி மின்னல் சமயத்துல சுவிட்ச் மட்டும் இல்ல, பிளக்கையே உருவணும். டிஷ் வயரையும் செட்டாப் பாக்ஸ்லேர்ந்து கழட்டணும். பாதி போர்டு கரண்ட் வழியா சாகறதில்ல, அந்த வயர் வழியா எச்டிஎம்ஐல வந்துதான் சாகுது. ஸ்டெபிலைசருக்குக் காசு போடாதீங்க, பின்னாடி 100-240 வோல்ட்னு எழுதியிருந்தா அது தானே சமாளிச்சுக்கும். சர்ஜ் புரொடெக்டர் போதும்.

ஹால்55:
கடையில் எதைப் போட்டுப் பார்ப்பது? பென் டிரைவ் செருக விடமாட்டார்கள்.

பின்னொளி:
முதலில் கடை மோடிலிருந்து ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், பிறகு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட். யூடியூபில் முழுக் கறுப்புப் படம் ஒன்றை ஓடவிட்டு ரிமோட்டில் ஒலி அளவைக் கூட்டுங்கள். அப்போது திரையில் வரும் வெள்ளை ஒலி அளவுப் பட்டையைச் சுற்றி ஒளி எவ்வளவு தூரம் பரவுகிறது என்று நேராக நின்று ஒருமுறை, கட்டில் கோணத்தில் நின்று ஒருமுறை பாருங்கள்.

கும்மிருட்டு:
ஓஎல்இடியில் அதே யூடியூபில் 5 சதவீதச் சாம்பல் படம். நெடுக்காகப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். அப்புறம், கேமரா மெதுவாக நகரும் சினிமாக் காட்சி ஒன்று: ஓஎல்இடி பிக்சல் சட்டென்று மாறுவதால் 24 ஃபிரேம் படம் சிலர் கண்ணுக்குத் தட்டித் தட்டி நகர்வதுபோல் இருக்கும். உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தால், அதை வாங்கச் சொல்லி நானே வற்புறுத்த மாட்டேன்.

சைடு சீட்:
கட்டில்காரரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.