காற்றுச் சுரங்கம் இல்லாமல் கார் வடிவமைக்க இயலுமா?

வளைகோடு:
2010-இல் பார்முலா 1 பந்தயத்துக்குள் நுழைந்த வர்ஜின் அணியின் விஆர்-01 காரை நிக் வர்த் வடிவமைத்தார். மாதிரிக் காரின் மீது காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தை நாடாமல், காரைச் சுற்றி ஓடும் காற்றை முழுக்கக் கணினியிலேயே கணக்கிட்டார்கள். அந்த அணி சோபிக்கவில்லை என்பதைக் காட்டியே இன்றுவரை இத்தகைய கணினிச் சிமுலேஷனைக் குறைத்துப் பேசுகிறார்கள். அதே ஆண்டு அறிமுகமான லோட்டஸ் அணி சுரங்கத்தைப் பயன்படுத்தியும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. அனுபவமும் பணமும் போதாத குறையைக் கணினியின் தலையில் கட்டுவது நியாயமா?

பட்டறைக்காரர்:
அணிகளின் தரவரிசையில் லோட்டஸ் 10-ஆம் இடம், வர்ஜின் கடைசியான 12-ஆம் இடம் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள், நண்பரே. மறு ஆண்டும் அதே முறையில் கார் செய்து, அப்போதும் புள்ளி கிடைக்காமல், 2011-இன் நடுவிலேயே வர்த்தின் நிறுவனத்தை விட்டு அணி விலகியது. முதல் காரின் எரிபொருள் தொட்டி சில பந்தயங்களை முழு வேகத்தில் ஓடி முடிக்கப் போதாமல், சட்டகத்தை மாற்ற அனுமதி கேட்க நேர்ந்த கதையும் இருக்கிறது.

வளைகோடு:
தொட்டியின் கொள்ளளவுக்கும் காற்றோட்டக் கணக்குக்கும் தொடர்பில்லை. சுரங்கம் இருந்திருந்தாலும் தொட்டி பெரிதாகியிருக்காது. சுரங்கத்தை இவ்வளவு நம்பும் நீங்கள், 2022-இல் மெர்சிடிஸ் அணியின் டபிள்யூ13 கார் நேர்ப்பாதையில் குதித்துக் குதித்து ஓடியதற்கு என்ன சொல்வீர்கள்? விதிப்படி சுரங்கத்தில் 60 விழுக்காடு அளவுள்ள மாதிரியைத்தான் வைக்கலாம். காற்றின் வேகமும் விநாடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது. உண்மையான கார் அதைவிட மிக வேகமாக ஓடித் தரையை உரசுமளவுக்குத் தாழும்போது என்ன நடக்கும் என்பதை அந்தச் சுரங்கம் முன்கூட்டிக் காட்டவில்லை.

சாலைப்பயணி:
பந்தயக் கார்களை விட்டுவிட்டு, நாங்கள் வாங்கும் கார்களைப் பற்றியும் பேசுவீர்களா?

வளைகோடு:
மோதல் பாதுகாப்பில்தான் சிமுலேஷனின் பயன் மிகத் தெளிவு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் 1976-இல் எழுதிய டைனா3டி ஆயுத ஆய்வுக்காகப் பிறந்த நிரல். அதன் வழிவந்தவற்றில் ஒன்றுதான் இன்று கார் நிறுவனங்கள் பயன்படுத்தும் எல்எஸ்-டைனா. காரின் உடலைச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீடிக்கும் மோதலை மைக்ரோவிநாடி அளவிலான படிகளில் கணக்கிடுகிறார்கள். தகடு எங்கே மடிகிறது, தகடுகளை இணைக்கும் எந்த ஸ்பாட் வெல்டிங் முதலில் பிய்கிறது என்பதை, ஒரு முன்மாதிரிக் காரைக்கூட நசுக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பட்டறைக்காரர்:
வெல்டிங் எந்த விசையில் பிய்யும் என்ற எண்ணைக் கணினிக்குக் கொடுப்பதே ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பிய்த்துப் பார்த்தவர்தான். அதைக்கூட விடுங்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2012-இல் காரின் அகலத்தில் 25 விழுக்காடு மட்டும் தடுப்பில் படும்படி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டபோது, பெயர்பெற்ற சொகுசுக் கார்கள் பலவும் சறுக்கின. முன்பக்கத்து முதன்மை இரும்புச் சட்டங்களுக்கு வெளியே அடி விழுந்ததால், சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஓட்டுநரின் கால் இருக்கும் இடத்துக்குள் புகுந்தது. அவையெல்லாம் சிமுலேஷனில் தேறி வந்த கார்கள் அல்லவா?

வளைகோடு:
அந்த வகை மோதலை அதற்குமுன் யாரும் கட்டாயமாக்கவில்லை; அதனால் வடிவமைப்பாளர்கள் அதற்கு முன்னுரிமை தரவில்லை. குறையைச் சரிசெய்த வடிவங்களும் முதலில் கணினியில்தான் உருவாயின.

பட்டறைக்காரர்:
எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்தில் நல்ல மதிப்பீடு பெற்றிருந்த ஏழு சிறு எஸ்யூவிகளை 2016-இல் அதே கழகம் மறுபக்கத்தில் மோதிப் பார்த்தபோது, ஹூண்டாய் டக்சன் ஒன்றே அங்கும் நல்ல மதிப்பீட்டுக்குரியதாக இருந்தது. கணினி மாதிரியில் தடுப்பை இடமிருந்து வலத்துக்கு மாற்றுவது பெரிய வேலையல்ல. இருந்தும், அருகில் அமர்ந்திருப்பவரின் பாதுகாப்பு 2017-இல் தனிச் சோதனையாக வந்த பிறகுதான் நிறுவனங்கள் பரவலாக அந்தப் பக்கத்தையும் வலுவாக்கத் தொடங்கின.