பிரிட்ஜ்ல வச்சும் கீரை, காய் கெட்டுப்போகுது – உதவி தேவை

தேன்சிட்டு:
வணக்கம். காய், கீரை எல்லாம் பிரிட்ஜ்லதான் வைக்கிறேன். ஆனா ரெண்டு மூணு நாள்லயே கெட்டுப்போயிடுது, பாதி குப்பைக்குத்தான் போகுது. பிரிட்ஜ் நல்லாத்தான் ஓடுது. என்ன பண்றது? இன்னைக்குத்தான் திரும்ப வாங்கிட்டு வந்திருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வடகாற்று:
கெட்டுப்போகுதுன்னா எப்படி? வாடுதா, மஞ்சளாகுதா, கொழகொழன்னு ஆகுதா? மூணுக்கும் காரணம் வேற வேற.

மணல்வீடு:
கழுவிட்டு வைக்கிறீங்களா, கழுவாமலா? பிரிட்ஜ்ல எந்த இடம்? கதவா, தட்டா, கீழ் டிராயரா?

நெடுவழி:
எத்திலீன்தான் சகோ, வேற ஒண்ணும் இல்ல. ஆப்பிள், பழுத்த தக்காளி மாதிரி எதாவது பக்கத்துல இருக்கா பாருங்க. பழம் பழுக்கும்போது விடுற வாயு அது. இலையில பட்டா மஞ்சளாகி உதிரும், கேரட்டே கசந்துபோகும். பழத்தையும் இலையையும் ஒரே டிராயர்ல வைக்கவே கூடாது.

மணல்வீடு:
எல்லாத்துக்கும் எத்திலீனையே காட்டாதீங்க நெடுவழி. அவங்க மஞ்சள்னு சொல்லவே இல்லையே.

மூத்தகுடி:
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்த்துட்டுக் கேக்கணும். "நல்லாத்தான் ஓடுது"ன்னு எதை வச்சு சொல்றீங்க? ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க நடுத்தட்டுல வச்சு, காலையில பாருங்க. 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. உள்ள இருக்கிற திருகுல போட்டிருக்கிற 1, 2, 3 எல்லாம் டிகிரி கிடையாது. அடிப்படையே தெரியாம கேள்வி மட்டும் வந்துடுது.

வடகாற்று:
தெர்மாமீட்டர் யோசனை நல்லது. அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

தேன்சிட்டு:
கீரையும் கொத்தமல்லியும்தான் கொழகொழன்னு ஆகி நாறுது. நல்லா கழுவி, கவர்ல போட்டு முடிச்சுப் போட்டு, கீழ் டிராயர்ல வைக்கிறேன். வெள்ளரிக்காய் மேல்தட்டுல பின்னாடி இருக்கு, அதுவும் அங்கங்க தண்ணி கோத்த மாதிரி ஆகுது.

மணல்வீடு:
இப்போ புரியுது. இலைக்கு ஈரக்காத்து வேணும், ஆனா இலைமேல தண்ணி நிக்கக் கூடாது. அந்தத் தண்ணியிலதான் அழுகல் பாக்டீரியா பெருகும். முடிச்சுப் போட்ட கவரோட உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கும், பாருங்க. அது வழிஞ்சு கட்டோட நடுவுல இறங்கும், நாத்தமும் அங்கதான் ஆரம்பிக்கும். அதனால கழுவாம வைங்க, சமைக்கும்போது கழுவிக்கலாம். கழுவித்தான் வைக்கணும்னா, கட்டைப் பிரிச்சு துணியில பரப்பி ஈரம் போக உலர விடுங்க. நசுங்கின இலையை அப்பவே எடுத்துடணும், ஒண்ணு இருந்தா பக்கத்துல இருக்கிறதும் போயிடும். அப்புறம் டப்பாவுல காகிதம் விரிச்சு தளர்வா அடுக்குங்க. காகிதம் நனைஞ்சா மாத்துங்க. டிராயர்ல காத்து போற ஓட்டை இருந்தா, இலை வைக்கும்போது மூடிடுங்க.

வடகாற்று:
வெள்ளரிக்கு நேர்மாறான பிரச்சனை. 10 டிகிரிக்குக் கீழ பல நாள் இருந்தா அதுக்குக் குளிர் தாங்காது, தண்ணி கோத்த புள்ளி விழும். பின்சுவர் ஓரம்தான் ரொம்பக் குளிர்ற இடம். முன்னாடி, இல்லன்னா கதவுப் பக்கம் வைங்க, சீக்கிரம் தீர்த்துடுங்க.

வெண்முகில்:
தக்காளியையும் வெளியதான் வைக்கணும். பிரிட்ஜ்ல வச்சா வாசனையே போயிடும்.

நெடுவழி:
காயா இருந்தா வெளிய, சரி. நல்லா பழுத்துட்டா சில நாளைக்கு உள்ள வைக்கிறதுல தப்பில்ல. சாப்பிடறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து வச்சாப் போதும்.

வெண்முகில்:
குளிர்ல போன வாசனை வெளிய வச்சா முழுசா வராதுங்க.

நெடுவழி:
முழுசா வராதுதான். அழுகித் தூக்கிப் போடறதைவிட அது மேல் இல்லையா?

மூத்தகுடி:
தக்காளியைப் பத்தி யாரும் கேக்கல. உருளைக்கிழங்கை உள்ள வைக்கிறவங்களுக்குச் சொல்லுங்க, அதுல மாவு சர்க்கரையா மாறி, வறுத்தா கருகும். வெளிச்சம் படாத, காத்தோட்டமான இடத்துல, வெங்காயத்தை விட்டுத் தள்ளி வைக்கணும்.

வடகாற்று:
உருளையைப் பத்தியும் யாரும் கேக்கலயே!

தேன்சிட்டு, இன்னொண்ணு. கீழ் டிராயருக்குள்ள போனா கண்ணுல படாது, கண்ணுல படலன்னா சமைக்கவும் தோணாது. முதல்ல தீர்க்க வேண்டிய இலை, வெட்டி மிச்சமான பாதிக்காய் இதெல்லாம் ஒரு தட்டுல வச்சு, திறந்ததும் தெரியற உயரத்துல வைங்க. என்ன சமைக்கலாம்னு யோசிக்கும்போது அந்தத் தட்டைத்தான் முதல்ல பாக்கணும். கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் வாரக்கணக்குல தாங்கும், அது டிராயர்ல கிடக்கட்டும்.

தேன்சிட்டு:
துணியில பரப்பி, காகிதம் போட்டு டப்பாவுல வச்சேன். கொத்தமல்லி இன்னும் நல்லா இருக்கு. டிராயர்ல ஆப்பிளும் இருந்துச்சு, எடுத்துட்டேன். எல்லாருக்கும் நன்றி.

நெடுவழி:
ஆப்பிள்! அதைத்தான் நான் முதல்லயே கேட்டேன்.

மணல்வீடு:
கொழகொழப்பு ஈரத்தாலதான் நெடுவழி. ஆப்பிளை எடுத்ததும் நல்லதுதான்.

வடகாற்று:
வெள்ளரியை எங்க மாத்துனீங்க? தெர்மாமீட்டர்ல எவ்வளவு வந்துச்சு?