பசில் அட்வெஞ்சர் கேம்ல முட்டி நிக்கேக்க என்ன செய்யிறனீங்கள்?

உவர்மலை_வாணி:

வணக்கம் எல்லாருக்கும். இஞ்ச திருகோணமலை ஆக்கள் கன பேர் இருக்கிறீங்கள், ஆனா கதைக்கிறதெல்லாம் பப்ஜியும் கிரிக்கெட் கேமும்தான். பசில் அட்வெஞ்சர் விளையாடுற ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களோ? நான் இப்ப ரிவன் விளையாடுறன், 1997ல வந்த பழைய வேர்ஷன், என்ட லப்டொப் புதுசுகள இழுக்காது அதால. சரியான வடிவு. ஆரும் வந்து சுடுறேல்ல, டைமர் ஓடுறேல்ல, ஒரு தீவில இறக்கி விட்டிட்டு கேம் பேசாம இருக்கும், நாங்கள்தான் நடந்து திரிஞ்சு லீவர இழுத்து பைப் எங்க போகுதெண்டு பாத்து இது எதுக்கு அது எதுக்கெண்டு யோசிக்கோணும். அங்க ஒரு பள்ளிக்கூட அறை இருக்கு, பிள்ளையளுக்கு எண் படிப்பிக்கிற விளையாட்டுச் சாமான் ஒண்டு அதுக்குள்ள. அத திருப்பித் திருப்பி இயக்கிப் பாத்து அவையின்ட எண்ணெழுத்த நானே கண்டுபிடிச்சன். ஒண்டுக்குரிய குறிய பக்கவாட்டா திருப்பினா அதுதான் அஞ்சு எண்டு விளங்கின உடன சாமத்தில தம்பிய எழுப்பிச் சொன்னன். இந்த சந்தோசத்துக்காகத்தான் எனக்கு இந்த கேம்களில இவ்வளவு விருப்பம்.

ஆனா இப்ப கொதிகலன் இருக்கிற தீவில முட்டி நிக்கிறன். போகக்கூடிய இடமெல்லாம் போயிட்டன், திறக்கக்கூடின கதவெல்லாம் திறந்திட்டன், வேலையால வந்து லப்டொப்ப திறந்தா திரும்ப அதே இடம். யூடியூப்ல விடை கிடக்கு, ஆனா பாத்தா மிச்ச கேமும் பாழாப் போயிடுமோ எண்டு பயம், பாக்காட்டி அலுத்துப்போய் கேமையே விட்டிடுவனோ எண்டும் பயம். நீங்கள் என்ன செய்யிறனீங்கள்? பிழை கேமிலயோ இல்ல நான் எதையும் கவனிக்கேல்லையோ எண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்றது? விடைய நேரா மட்டும் சொல்லிப்போடாதேங்கோ ப்ளீஸ்.

பழைய_ப்ளொப்பி:

தங்கச்சி, முட்டி நிக்கிறதில ரெண்டு விதம் இருக்கு. விடை அந்த உலகத்துக்குள்ளயே கிடக்கும், நாங்கள் காணாம இருப்பம், அது ஒண்டு. மற்றது விடை கேம் செய்த ஆளின்ட மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கும், எவ்வளவு கெட்டிக்காரர் எண்டாலும் யோசிச்சுப் பிடிக்க ஏலாது. கேப்ரியல் நைட் 3 எண்டு 1999ல வந்தது, அதில மோட்டபைக் ஒண்டு வாடகைக்கு எடுக்க வேற ஒராளா வேசம் போடோணும், அதுக்கு மீசை வேணுமாம், பூனை போற ஓட்டையில டேப் ஒட்டி பூனைமயிர் எடுத்து சிரப் பூசி ஒட்டிக்கொள்ளோணும். பகிடி என்னண்டா அந்த மற்ற ஆளுக்கு மீசையே இல்ல, அவற்ற பாஸ்போட் படத்தில நாங்கள்தான் மாக்கரால மீசை கீறி விடோணும்!! இத ஆர் யோசிப்பினம்?

அதவிட மோசம் கிங்ஸ் குவெஸ்ட் 5, 1990. ஒரு இடத்தில பூனை எலிய துரத்திக்கொண்டு போகும், அந்தக் கணத்தில எதையாவது எறிஞ்சு எலிய காப்பாத்தாட்டி கன நேரம் கழிச்சு உங்களக் கட்டிப்போடேக்க கயிறக் கடிக்க எலி வராது, கதை முடிஞ்சுது. எங்க பிழைச்சதெண்டு கேம் ஒரு வார்த்தை சொல்லாது. பழைய சேவ் இல்லாட்டி முதலில இருந்து. இப்பிடியான அநியாயங்களப் பாத்துத்தான் ரொன் கில்பர்ட் எண்டு கேம் செய்யிற ஒராள் 1989லயே அட்வெஞ்சர் கேம்கள் ஏன் உருப்படேல்ல எண்டு ஒரு கட்டுரை எழுதினவர், அடுத்த வருசம் அவற்ற மங்கி ஐலண்ட் கேம் வந்துது, அதில நீங்கள் திரும்பி வர ஏலாத இடத்தில மாட்டுப்படவே மாட்டீங்கள், சாகிறதெண்டாலும் தண்ணிக்கடியில பத்து நிமிசம் சும்மா நிண்டாத்தான்.

ரிவன் முதலாவது விதம். அதில காரணமில்லாம வச்ச சாமான் ஒண்டும் இல்ல. அதால நம்பி நில்லுங்கோ, விடைய பாக்காதேங்கோ.

கிண்ணியா_நானா:

நான் இதுக்கு உடன்பட மாட்டன். நம்பி நில்லு எண்டு சொல்ற ஆக்களுக்கு நேரம் இருக்கு. நான் கடையப் பூட்டி வந்து பிள்ளைகள் படுத்த பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்திலதான் விளையாடுற, அந்த நேரம் முழுக்க ஒரே சுவத்த கிளிக் பண்ணிக்கொண்டிருந்தா அது விளையாட்டா? ஹின்ட் பாக்கிறது ஒரு குத்தமும் இல்ல. எப்பிடிப் பாக்கிறீங்க எண்டதுதான் விசயம். வீடியோ பாத்தீங்கண்டா உங்களுக்கு வேணுமான ஒண்ட காட்டமுதலே அடுத்த நாலு விசயத்தையும் காட்டிப்போடும், அதத்தான் பாக்கக்கூடா. 80களில இன்போகொம் கொம்பனி ஸோர்க் மாதிரி எழுத்து கேம்களுக்கு ஹின்ட் புத்தகம் வித்தாங்க, விடையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மையில அச்சடிச்சிருக்கும், கூட வாற பேனையால தேச்சாத்தான் எழுத்து வரும். முதல் வரி லேசா ஒரு தட்டு, அடுத்த வரி கொஞ்சம் கூட, கடைசி வரிதான் முழு விடை. அதே முறையில யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம் எண்டு நெட்டில இப்பவும் இரிக்கி, நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு வரியா திறக்கும். ரிவனுக்கும் இரிக்கி. 2022ல வந்த ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்ல ஹின்ட் புத்தகத்த கேமுக்குள்ளயே குடுத்திட்டாங்க, நீங்க பெரிசா சொல்ற அதே ரொன் கில்பர்ட்தான் குடுத்த, ப்ளொப்பி அண்ணன் இத யோசிச்சுப் பாருங்க.

நிலாவெளிக்_காத்து:

வாணி அக்கா, கொப்பி வச்சிருக்கிறீங்களோ? இல்லாட்டி முதல் வேலையா ஒரு கொப்பி எடுங்கோ. போனால ஸ்கிரீன படம் எடுக்கிறது காணாது, கையால கீறேக்கதான் இது அங்கயும் கண்டனே எண்டு பிடிபடும். காதையும் தீட்டி வையுங்கோ, ரிவன் செய்த இதே ஆக்கள் 1993ல செய்த மிஸ்ட்ல (2002ல த சிம்ஸ் முந்தும் வரைக்கும் அதுதான் உலகத்தில கூட வித்த பிசி கேம்) ஒரு சுரங்கப் பாதைக்கு வழியே சத்தத்திலதான் இருக்கும், அந்த சத்தம் எந்தத் திசை எண்டு வேற ஒரு உலகத்தில முதலே கேட்டிருப்பம். ஸ்பீக்கர ஓஃப் பண்ணிப்போட்டு விளையாடுற ஆக்கள் அதில செத்தினம்.

மற்றது லப்டொப்ப மூடிப்போட்டு டச் பே பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்கோ, சும்மா சொல்லேல்ல, கனக்க பசில் எனக்கு அப்பிடித்தான் அவிழ்ந்தது.

உங்கட தீவுக்கு ஒரே ஒரு தட்டு தாறன், இதுவும் வேண்டாமெண்டா அடுத்த வரிய வாசிக்காதேங்கோ.

ஒரு கதவுக்கு ரெண்டு நிலை இருக்கு. நீங்கள் ஒண்டத்தான் பாத்திருக்கிறீங்கள்.

உவர்மலை_வாணி:

ஐயோ!!! உள்ள போய் நிண்டு கதவ சாத்தினன், திறந்து கிடந்த கதவுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் வழி! தம்பி துள்ளுறான் பக்கத்தில. நிலாவெளி, கோடி நன்றி, விடைய சொல்லாம சொன்னதுக்கு.

ஆனா ப்ளொப்பி அண்ணா, இது நீங்கள் சொன்ன ரெண்டு விதத்திலயும் சேராது எண்டுதான் எனக்குப் படுது. வழி அந்த உலகத்துக்குள்ளதான் இருந்தது, சரி. ஆனா உண்மையா ஒராள் அந்த இடத்தில நிண்டா தலைய கொஞ்சம் சரிச்சு கதவுக்குப் பின்னால எட்டிப் பாக்கலாம். இந்த கேம் படம் படமா நகருது, அவை நிக்கச் சொன்ன இடத்திலதான் நிக்கலாம், எட்டிப் பாக்க இடமே தரேல்ல. அப்ப இது மூண்டாவது விதம், அறிவும் இருக்கு கவனமும் இருக்கு, ஸ்கிரீன் மறைக்குது. இதில முட்டினா ஹின்ட் பாக்கலாம் எண்டு இப்ப முடிவெடுத்திட்டன். மற்றதெல்லாத்துக்கும் கொப்பிதான்.

பழைய_ப்ளொப்பி:

நல்ல கதை கதைக்கிறீங்கள். 2024ல ரிவன திரும்பச் செய்து விட்டவை, அதில விரும்பின பக்கம் நடந்து திரும்பிப் பாக்கலாம், அதால நீங்கள் சொல்ற மூண்டாவது விதம் நல்லாக் குறைஞ்சிட்டுது. நல்ல லப்டொப் வாங்கின பிறகு பாருங்கோ. ரிவன் முடிய ரிட்டர்ன் ஒப் தி ஒப்ரா டின் எடுங்கோ, 2018, லூகாஸ் போப் எண்டவர் செய்தது. ஆளில்லாம திரும்பி வந்த கப்பல், அதில இருந்த 60 பேரும் ஆர் ஆர், என்ன நடந்தது எண்டு நாங்கள் எழுதோணும். மூண்டு பேரின்ட விபரம் சரியா வந்தாத்தான் கேம் சரியெண்டு உறுதி தரும், அதால குருட்டுவாக்கில அடிச்சுப் பாத்து தப்ப ஏலாது, பேச்சு, உடுப்பு, படுக்கிற இடம் எல்லாத்தையும் கவனிக்கோணும். கேமில பிழை எண்டு சொல்ல எனக்கு அதில ஒரு இடமும் அம்பிடேல்ல.

கிண்ணியா_நானா:

தம்பியோட சேந்து விளையாடுறதெண்டா மெஷினேரியம் எடுங்க, 2009ல செக் நாட்டு ஆக்கள் செய்தது. ஒரு சொல்லும் பேச்சு இல்ல, எல்லாம் படத்திலதான், என்ட சின்ன மகனும் நானும் அதிலதான் விழுந்து கிடந்த. அதிலயும் ஹின்ட் புத்தகம் இரிக்கி, ஆனா ஒரு குட்டி கேம் விளையாடி முடிச்சாத்தான் புத்தகம் திறக்கும், அந்தக் கரைச்சலுக்கே பாதி நேரம் விட்டிட்டு நாங்களே யோசிப்பம்.

நிலாவெளிக்_காத்து:

எனக்கு கன காலமா ஒரு ஆசை. எங்கட ஊர வச்சு இப்பிடி ஒண்டு செய்யோணும். கன்னியா வெந்நீர் ஊற்று ஏழு கிணறும் ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, சூட்டு ஒழுங்கில தண்ணி அள்ளினாத்தான் ஏதோ ஒண்டு திறக்கும், ஒழுங்கு என்னண்டு கண்டுபிடிக்க ஆவிய பாக்கோணும், குளிக்க வந்த சனத்தின்ட முகத்த பாக்கோணும், எந்தக் கிணத்தடியில கூட்டம் குறைவெண்டு பாக்கோணும். எனக்குப் படம் கீறத் தெரியும், கோடிங் தெரியாது. யூனிட்டி (கேம் செய்யிற மென்பொருள்) தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தா இதிலயே பதில் போடுங்கோ.