2:2 பட்டத்தோடு பிரிட்டனில் பட்டதாரி மருத்துவம்: மாஸ்டர்ஸா, நேரே காம்சாட்டா?

தேம்ஸ்கரை:
இந்தக் கேள்வி வெவ்வேறு இழைகளில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில் அடித்துப் பேசிவிடலாம். கையில் இருப்பது பயோமெடிக்கல் சயின்ஸில் 2:2, அதாவது 50க்கு மேல் 60க்குக் கீழ். குறி, நான்கு ஆண்டு பட்டதாரி மருத்துவப் படிப்பு (எல்லோரும் ஜெம் என்பது).

என் கட்சி: முதலில் மாஸ்டர்ஸ். வார்விக் பல்கலைக்கழகம் 2:1 (60க்கு மேல்) கேட்கிறது. 2:2 என்றால் அதற்கு மேல் மாஸ்டர்ஸோ பிஎச்டியோ வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் யூகேட்டில் (அங்கே கேட்கும் மருத்துவ நுழைவுத் தேர்வு) எவ்வளவு வாங்கினாலும் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

காம்சாட்காரன்:
பாதிதான் சரி. நாட்டிங்ஹாமின் ஜெம் 2:2ஐ அப்படியே ஏற்கிறது, எந்தப் பாடமானாலும். அங்கே வடிகட்டுவது காம்சாட், பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வு. பட்டத்தின் தரம் வாசல்படி, அவ்வளவுதான். தாண்டிவிட்டால் 2:2 என்பதற்காகப் பின்வரிசையில் உட்கார வைப்பதில்லை. ஒரு வருஷமும் பெருந்தொகையும் கொடுத்து மாஸ்டர்ஸ் வாங்குவதற்குப் பதில் ஆறு மாதம் காம்சாட்டுக்கு உட்காருங்கள்.

எதற்கு எவ்வளவு என்று தெரியாமல் படிப்பதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். மூன்று பகுதி: மனிதவியல் வாசிப்பு, எழுத்து (இரண்டு கட்டுரை), அறிவியல். அறிவியலில் வேதியியல் 40, உயிரியல் 40, இயற்பியல் 20 விழுக்காடு. மொத்தம் போடும்போது அறிவியல் இரு மடங்கு: முதல் பகுதி + இரண்டாம் பகுதி + 2 × மூன்றாம் பகுதி, வகுத்தல் 4. 58, 60, 66 வாங்கினால் 62.5. அதே எண்களை 66, 60, 58 என்று திருப்பிப் போட்டால் 60.5. நேர்காணல் கோட்டுக்கு அருகில் அந்த 2 மதிப்பெண் உயிர்.

தேம்ஸ்கரை:
சரி, நாட்டிங்ஹாம். அடுத்து? யூகாஸில் (பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பு) மருத்துவத்துக்கு நான்கு இடம் போடலாம். ஒரு மருத்துவப் பள்ளியை நம்பி மற்ற மூன்றையும் வீணடிப்பதா? 2:2 மட்டும் வைத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போட்டால் அது விண்ணப்பம் இல்லை, நன்கொடை. மாஸ்டர்ஸ் இருந்தால் அந்த நான்கில் இன்னும் சில உருப்படியாகும்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் தேதியை மறந்து பேசுகிறீர்கள். மாஸ்டர்ஸ் என்றால் "ஒரு வருஷம்" என்கிறார் காம்சாட்காரன். காலண்டரை எடுங்கள்.

2026 செப்டம்பரில் சேர்ந்தால், ஆய்வேட்டைக் கொடுப்பது 2027 ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். தேர்வுக்குழு கூடி முடிவு வர அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். மருத்துவத்துக்கான யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் 15. எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை ஏற்கும் பள்ளி என்றால் 2027இல் விண்ணப்பித்து 2028இல் சேரலாம். கையில் சான்றிதழ் வேண்டும் என்கிற பள்ளி என்றால் 2028இல்தான் விண்ணப்பம், 2029இல் சேர்க்கை. ஒரு வருஷம் என்று இறங்கியது மூன்றாகிவிடும். கட்டணம் கட்டும் முன் அட்மிஷன்ஸுக்கு ஒரே வரி மின்னஞ்சல் போடுங்கள்: "முடிக்கப்பட்டதா, எதிர்பார்க்கப்படுவதா, எது போதும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு குழி. நான்கு ஆண்டு எம்.எஸ்சிஐ, எம்.ஃபார்ம் போன்ற ஒருங்கிணைந்த பட்டங்களைப் பொதுவாக முதல் பட்டமாகவே எடுப்பார்கள். "என்னிடம்தான் மாஸ்டர்ஸ் இருக்கிறதே" என்று அதைக் காட்ட முடியாது.

காம்சாட்காரன்:
இதைத்தான் சொன்னேன். நன்றி, பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
அவசரப்படாதீர்கள், உங்கள் பக்கமும் ஓட்டைதான். செப்டம்பரில் காம்சாட் எழுதினால் முடிவு நவம்பரில். மதிப்பெண் தெரியாமலே அக்டோபர் 15க்குள் நான்கு இடமும் நிரப்ப வேண்டும். மார்ச் எழுதுபவருக்கு மேயில் கையில் எண் இருக்கும், அதைப் பார்த்துப் பள்ளி தேர்ந்தெடுக்கலாம். 2:2காரர் செப்டம்பரை மட்டும் நம்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

நுனிப்புல்:
இவ்வளவு தலைவலி எதற்கு? ஐந்தாண்டுப் படிப்புக்கே போட்டுவிடலாமே. அயர்லாந்தும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அயர்லாந்தை மறந்துவிடுங்கள். அங்கே பட்டதாரி நுழைவுக்கு முதல் ஹானர்ஸ் பட்டத்திலேயே 2:1 வேண்டும்.

ஐந்தாண்டுப் படிப்புக்கு வருவோம். இங்கிலாந்தில் இரண்டாவது பட்டம் என்பதால் முதல் நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணக் கடன் கிடையாது. 2025-26 விகிதம் 9,535 பவுண்டு. நான்கு ஆண்டுக்கு 38,140. ஐந்தாம் ஆண்டில்தான் கட்டணத்துக்கு என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) உள்ளே வரும். பராமரிப்புக் கடன் உண்டு, ஆனால் அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். ஜெம் என்றால் முதலாண்டில் 3,465 பவுண்டு கையிலிருந்து, மிச்சத்துக்குக் கடன்; இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணத்தில் ஒரு பகுதியை என்எச்எஸ் பர்சரி (உதவித்தொகை) கொடுக்கும், மீதி கடன். வீட்டை அடகு வைக்க அப்பா தயாராக இருப்பது வேறு விஷயம். நம் வீடுகளில் அதுவும் நடக்கிறது.

தேம்ஸ்கரை:
பணத்தைப் பேசினால் மாஸ்டர்ஸுக்கும் கடன் உண்டு: 2025-26இல் 12,858 பவுண்டு வரை. லண்டனில் பல மாஸ்டர்ஸுக்குக் கட்டணத்துக்கே அது போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் பகட்டான பெயருக்கு ஓடாதீர்கள். ஜெம் விண்ணப்பத்துக்கு மாஸ்டர்ஸ் எங்கே செய்தீர்கள் என்பதைவிட எந்தத் தரத்தில் முடித்தீர்கள் என்பதே பேசும். 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். சில பள்ளிகள் மெரிட்டுக்குக் குறைந்தால் தொடாது. 2:2 வாங்கிய காரணம் என்னவோ, அது சரியாகாமல் மாஸ்டர்ஸில் சேர்ந்தால் 58இல் நின்று இரண்டு பக்கமும் போகும்.

காம்சாட்காரன்:
இது நியாயம். ஆனால் "காரணம்" என்றதும் எல்லோரும் பர்சனல் ஸ்டேட்மென்டில் நோய், குடும்பக் கஷ்டம் என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு எந்தப் பள்ளியும் 2:2ஐ 2:1 ஆக்காது. சிறப்புச் சூழலைப் பொறுத்துக்கொள்ளும் பள்ளிகளுக்குத் தனி நடைமுறை உண்டு: ஆதாரத்தோடு, பழைய பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு, கடைசி நாளுக்கு முன்பே அனுப்ப வேண்டும். நிராகரித்த பிறகு அனுப்பிப் பயனில்லை.

நுனிப்புல்:
அப்போ யூகேட்டே வேண்டாமா?

காம்சாட்காரன்:
மாஸ்டர்ஸ் இல்லாத 2:2 என்றால் காம்சாட் முதலில். மாஸ்டர்ஸ் கையில் இருந்தால் இரண்டும் எழுதுங்கள், வார்விக்குக்கு யூகேட்தான். யூகேட் ஒரு சுற்றுக்கு ஒரே முறைதான், அந்த மதிப்பெண்ணும் அந்தச் சுற்றோடு சரி. 2025 முதல் அதில் அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங் பகுதி இல்லை, மொத்தம் 2,700. பழைய 3,600க்கான கோடுகளை இங்கே ஒட்டாதீர்கள். அதிலேயே சூழ்நிலைத் தீர்ப்புப் பகுதியில் பேண்ட் 4 (கடைசித் தரம்) வந்தால் பல இடங்களில் கதை முடிந்தது.

தேம்ஸ்கரை:
நான் இன்னும் மாஸ்டர்ஸ் கட்சிதான், ஒரு திருத்தத்தோடு: மார்ச் காம்சாட்டை முதலில் எழுதட்டும். மேயில் 60க்குக் கீழே நின்றால் அந்த செப்டம்பரிலேயே மாஸ்டர்ஸில் சேர இன்னும் நேரம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
மாஸ்டர்ஸ் விண்ணப்பத்தை ஜனவரியிலேயே போட்டு வைத்தால். ஜூனில் போய்க் கதவைத் தட்டினால் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும். முன்பணம் கேட்கும் இடமென்றால் அதைத் திருப்பித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.