புதிய கற்றல் தளம் வந்த பருவத்தில் நடந்தவை: அனுபவப் பகிர்வு

துறை ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

பல்கலைக்கழகத்தில் புதிய இணையவழிக் கற்றல் தளம் அறிமுகமாகப்போகிறது என்ற சுற்றறிக்கை வந்தவுடன் எல்லாரும் பயிற்சி வகுப்புகளைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்கள். மூத்த ஆசிரியர்கள் பழகிக்கொள்வார்களா, காணொளியைப் பதிவேற்ற யார் கற்றுக்கொடுப்பது என்ற கவலைகள்தான் முதலில் எழுகின்றன. எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த மாற்றம் நடந்தபோது துறைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பைக் கவனித்தவன் நான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ள எவரும் அதிகம் சிரமப்படவில்லை. அதுவரை எவரும் வாய்விட்டுப் பேசாமல், பழக்கத்தின் போக்கில் ஓடிக்கொண்டிருந்த விதிகளைத் தளம் ஒவ்வொன்றாக எழுத்தில் கேட்கத் தொடங்கியபோதுதான் நாங்கள் திணறிப்போனோம்.

ஒப்படைப்புகளுக்கான கடைசி நாளையே எடுத்துக்கொள்ளலாம். "வெள்ளிக்கிழமைக்குள்" என்று வகுப்பில் அறிவித்தால், திங்கட்கிழமை காலை துறை அலுவலகம் திறக்கும்வரை கொடுக்கலாம் என்பது எல்லாரும் அறிந்த வழக்கம். தளமோ நாளோடு மணியையும் நிமிடத்தையும் கேட்டது. அத்துடன் நில்லாமல், உரிய நாள் எது, அதற்குப் பிறகு எதையும் ஏற்காத இறுதி நாள் எது என்று இரண்டு தனித்தனிக் கட்டங்களை நீட்டியது. உரிய நாளைக் கடந்து வருபவை ஏற்கப்படும், ஆனால் தாமதம் என்று குறிக்கப்படும். இறுதி நாளைக் கடந்தால் வாயில் அடைக்கப்படும். தாமதத்திற்கு மதிப்பெண் குறைக்க வேண்டுமா, எவ்வளவு, அதை யார் மன்னிக்கலாம் என்ற கேள்விகள் துறைக் கூட்டத்தில் எழுந்தபோதுதான், ஒரே துறையில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதியைக் கடைப்பிடித்து வந்தது வெளிப்பட்டது. மாணவர்களுக்கு இது முன்பே தெரியும். யாரிடம் எவ்வளவு தாமதிக்கலாம் என்ற கணக்கு அவர்களிடம் எப்போதும் உண்டு. தெரியாமல் இருந்தவர்கள் நாங்கள்தான்.

நள்ளிரவு 12 மணி என்று குறிப்பதில் உள்ள குழப்பத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை 00:00 என்பது வெள்ளி தொடங்கும் நொடி. மாணவர்களில் பெரும்பாலோர் அதை வெள்ளி முடியும் நேரமாகவே கொள்வார்கள், அதனால் ஒரு முழு நாளே காணாமல் போகிறது. 23:59 என்று எழுதினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. எங்கள் துறைகள் பின்னர் மாலை 5 மணிக்கு மாறின. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும் நேரத்தில் கெடு முடிவதே நியாயம் என்று நானும் நினைக்கிறேன்.

இதைவிட நுட்பமானது யார் திருத்துகிறார் என்ற கேள்வி. ஆசிரியர், திருத்தும் உரிமை மட்டும் உள்ள உதவியாளர், பார்வையாளர் என்று தளம் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரத்தைக் கேட்கும். பேராசிரியரின் பெயரில் ஆய்வு மாணவர்கள் விடைத்தாள்களைத் திருத்துவது பல இடங்களில் எழுதப்படாத நடைமுறை. தளத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பின்னால் அதை இட்டவரின் பெயரும் நேரமும் பதிவாகின்றன. சிலர் தங்கள் கடவுச்சொல்லையே ஆய்வு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அதைத் தடுக்க நாங்கள் எடுத்த முடிவு எளிமையானது: திருத்துபவரின் பெயரை வெளிப்படையாகப் பதிவதும், அந்த உழைப்பை அவர்களுடைய பணிக் கணக்கில் சேர்ப்பதும். எளிமையானது என்று எழுதிவிட்டேனே தவிர, அது நிறைவேற ஒரு பருவம் முழுவதும் பேச வேண்டியிருந்தது.

கணினி மையப் பொறியாளர் எழுதியது:

ஒருங்கிணைப்பாளர் ஐயா எழுதியதை எங்கள் மேசையிலிருந்து பார்த்தால், அந்த எழுதப்படாத விதிகள் எல்லாம் மாணவர் பட்டியலுக்குள் ஒளிந்திருந்தன என்று சொல்வேன். தளத்தை நிறுவுவது சில நாள் வேலை. எந்த மாணவர் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்பதைப் பதிவாளர் அலுவலகத் தரவுத்தளத்திலிருந்து ஒவ்வோர் இரவும் தானாக எடுத்துவருவதுதான் உண்மையான வேலை. விருப்பப் பாடத்தை மாற்றிக்கொண்டவர் இரு பட்டியல்களிலும் இருப்பார். கட்டணம் செலுத்தத் தாமதித்தவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார், ஆனால் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருப்பார்.

இங்கே ஓர் அமைப்பைக் குறித்து எல்லாப் பல்கலைக்கழகங்களையும் எச்சரிக்க விரும்புகிறேன். மூலப் பட்டியலிலிருந்து ஒருவரின் பெயர் நீங்கினால் தளத்தில் என்ன செய்வது என்று கேட்கும் ஒரு தெரிவு இருக்கும். அதில் "பாடத்திலிருந்து நீக்கு" என்பதைத் தேர்ந்தெடுத்தால், சில தளங்களில் அவருடைய மதிப்பெண்களும் குழு உறுப்பினர் நிலையும் சேர்ந்தே போய்விடக்கூடும். "இடைநிறுத்து" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவரால் உள்ளே வர முடியாதே தவிர, அவருடைய பணிகள் அப்படியே இருக்கும். பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தவறான பட்டியல் ஓர் இரவு தங்கிவிட்டாலும் மறுநாள் மீட்டுவிடலாம். பயனரை அடையாளம் காண மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தாமல் பதிவு எண்ணைப் பயன்படுத்துவதும் இதே காரணத்திற்காகத்தான். முகவரி மாறும், பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறும், பதிவு எண் மட்டும் அப்படியே இருக்கும்.

பழைய பாடங்களைப் புதிய தளத்திற்குக் கொண்டுவந்தபோது கண்ட ஒரு விந்தையையும் எழுதுகிறேன். ஊடாடும் பாடம் ஒன்றை மாணவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் திறந்தால், பிற்பகுதியில் எட்டிய இடம் தளத்தின் நினைவில் இருப்பதில்லை; முற்பகுதியில் நிறுத்தியவர்களுக்கோ எந்தச் சிக்கலும் இல்லை. இணையத்தைக் குறை சொன்னார்கள், உலாவியைக் குறை சொன்னார்கள். காரணம் வேறு. அந்தப் பாடம், இணையவழிப் பாடங்கள் தளத்தோடு தகவல் பரிமாறுவதற்கென 2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 என்ற தரநிலையில் கட்டப்பட்டது. மாணவர் எட்டிய நிலையைச் சேமிக்க அந்தத் தரநிலை 4,096 எழுத்துகளுக்கு மட்டுமே இடம் தருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் விடைகளையும் பாடம் அதற்குள்ளேயே திணித்துக்கொண்டு வந்ததால், ஒரு கட்டத்தில் இடம் நிரம்பியது. பழைய தளம் இந்த வரம்பைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. புதிய தளம் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது. பிந்தைய ஸ்கார்ம் 2004 பதிப்புகள் 64,000 எழுத்துகள்வரை அனுமதிப்பதால், மூலக்கோப்பு கையில் இருந்த பாடங்களை அதில் மறுவெளியீடு செய்தோம். மூலக்கோப்பு இல்லாதவற்றைப் பயன்பாட்டிலிருந்து விலக்கினோம். பாடத்தை உருவாக்கியவர் ஓய்வு பெற்றுப்போய், வெளியிடப்பட்ட கோப்பு மட்டும் மிஞ்சியிருந்த நேர்வுகளே அதிகம். ஆகவே மூலக்கோப்புகளை ஒப்படைப்பதையும் ஓய்வுகால நடைமுறையில் சேர்க்குமாறு கேட்டிருக்கிறோம்.

இணையவழித் தேர்வுகளின் நெரிசல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எல்லாரும் ஒரே நொடியில் திறப்பதும் ஒரே நொடியில் சமர்ப்பிப்பதும் தான் சர்வரை நசுக்குகின்றன. நடுவில் உள்ள நேரம் ஒப்பீட்டளவில் அமைதியானது. தொடங்கும் நேரத்தைப் பிரிவுவாரியாகச் சில நிமிடங்கள் தள்ளி வைத்தாலே பாதிச் சுமை குறைந்துவிடுகிறது. புதிய சர்வர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இளநிலை மாணவர் எழுதியது:

எங்களுக்குத் தளத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. தளத்தோடு வாட்ஸ்அப் குழு, மின்னஞ்சல், துறை அறிவிப்புப் பலகை ஆகியவையும் தொடர்ந்ததால், நான்கில் எது சொல்வது உண்மை என்ற கேள்வி மட்டும் எஞ்சியது. தேர்வு தள்ளிவைக்கப்பட்டது குழுவில் வந்திருக்கும், தளத்தின் நாட்காட்டியில் பழைய தேதியே இருக்கும். முரண்பாடு வந்தால் தளத்தில் உள்ளதே செல்லும் என்று ஒரு பேராசிரியை முதல் வகுப்பிலேயே அறிவித்துவிட்டார். அவருடைய பாடத்தில் மட்டும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டு அலையவில்லை.

முதுகலை மாணவி எழுதியது:

நான் பார்வையற்றவள், திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு படிப்பவள். புதிய தளம் அணுகல்தன்மைத் தரநிலைகளுக்கு இணங்கியது என்று அறிமுகக் கூட்டத்தில் சொன்னார்கள், அது பொய்யும் அன்று. பட்டியல்கள், பொத்தான்கள், தலைப்புகள் எல்லாம் விசைப்பலகை வழியாகவே எனக்கு எட்டின. ஆனால் தளத்திற்குள் ஆசிரியர்கள் வைத்தவை எட்டவில்லை. அச்சுப் புத்தகத்தை ஒளிப்படமாக எடுத்துச் சேர்த்த பிடிஎஃப் கோப்பில் என் மென்பொருளுக்குப் படிக்க ஒரு சொல்லும் கிடைக்காது. அதற்கு அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருளில் ஒருமுறை ஓட்டியெடுத்துச் சரிபார்த்துப் பதிவேற்றினால் போதும். அது எனக்கு மட்டும் உதவுவதில்லை, கோப்புக்குள் சொல்லைத் தேடும் எல்லாருக்கும் உதவும்.

இன்னொன்று, படத்தின் மீது பெயர்களை இழுத்துச் சென்று பொருத்தும் வினாக்கள். ஆசிரியர்களுக்கு இவை மிகவும் பிடித்துப்போயின, புதிய தளத்தின் கவர்ச்சியே அவைதான் போலும். சுட்டியால் இழுக்கும் எந்தச் செயலுக்கும் இழுக்காமல் செய்யும் மாற்றுவழி இருக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலில் இடம்பெற்றுள்ளது. அதற்கு முன்பிருந்தே, எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும் என்ற விதியும் உண்டு. என் பாடத்தில் அந்த வினாவைத் தெரிவுப் பட்டியலாக மாற்றித் தந்தார்கள். மாற்றிய பின் வினாவின் கடினம் சிறிதும் குறையவில்லை என்று ஆசிரியரே வியந்தார்.

எனக்கு உண்மையான விடுதலை வேறிடத்தில் கிடைத்தது. தேர்வில் கூடுதல் நேரம் பெறும் உரிமை எனக்கு முன்பும் இருந்தது, ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் கடிதத்தோடு போய் நின்று கேட்க வேண்டும். தளத்தில் தனி மாணவருக்கென்று நேரத்தை நீட்டிக்கும் வசதி இருக்கிறது. தொடக்கத்தில் அதையும் ஒவ்வொரு தேர்விலும் தனித்தனியாக ஆசிரியரே இட வேண்டியிருந்ததால், கடிதத்திற்குப் பதில் மின்னஞ்சல் என்ற அளவில்தான் மாற்றம் இருந்தது. மாணவர் நல அலுவலகம் ஒரே பட்டியலாகக் கொடுக்க, கணினி மையம் எல்லாத் தேர்வுகளுக்கும் சேர்த்து இடத் தொடங்கிய பிறகே நான் கேட்பதை நிறுத்தினேன்.

மூத்த பேராசிரியர் எழுதியது:

இத்தகைய தளங்களின் வரலாறு பலர் நினைப்பதைவிட நீளமானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு 1960-இலேயே தொடங்கியது. வெப்சிடி என்ற கற்றல் தளம் 1990-களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் அதே வெப்சிடியை நிர்வகித்துவந்த மார்ட்டின் டௌகியாமஸ் தாமே வேறொன்றை எழுதத் தொடங்க, அது 2002-இல் மூடுல் என்ற பெயரில் திறந்தமூல மென்பொருளாக வெளிவந்தது. பல்கலைக்கழகத்திற்குள் வேலை செய்தவர்களே தங்கள் தேவைக்காகக் கட்டியவை இவை. வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்று பேசும் சக ஆசிரியர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

எனினும் எனக்கு ஓர் உறுதியான எதிர்ப்பு இருந்தது. யார் எப்போது உள்நுழைந்தார், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதையெல்லாம் தளம் குறித்து வைத்துக்கொள்கிறது. அறிமுகமான முதல் பருவத்திலேயே இந்தக் குறிப்புகளை வருகைப்பதிவாகக் கணக்கிடலாம் என்று ஒரு யோசனை கல்விக்குழுவின் முன் வந்தது. பக்கத்தைத் திறப்பதும் படிப்பதும் ஒன்றல்ல என்பது ஒருபுறமிருக்க, இந்தக் கணக்கு நல்ல மாணவரையே தண்டிக்கும். எல்லாக் கோப்புகளையும் முதல் நாளே இறக்கிக்கொண்டு, இணையமில்லாத இடத்தில் அமர்ந்து ஊன்றிப் படிப்பவர் தளத்தின் பார்வையில் வராதவர் ஆகிறார். ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு உறங்கப்போனவரோ அக்கறையுள்ள மாணவராகத் தோன்றுகிறார். மாணவர்கள் இதைக் கண்டுகொள்ள ஒரு வாரம்கூடத் தேவைப்படாது.

குறிப்புகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பருவத் தொடக்கத்திலிருந்து ஒருமுறைகூட உள்நுழையாத மாணவரைப் பற்றி ஆசிரியருக்குத் தெரியவருவது நல்லது. அவரைத் தொலைபேசியில் அழைத்து என்ன நேர்ந்தது என்று கேட்கலாம். விசாரிப்பதற்குப் பயன்படுத்தலாம், மதிப்பெண் போடுவதற்குக் கூடாது என்ற வரம்போடு கல்விக்குழு தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை பாட ஆசிரியருக்கும் வழிகாட்டி ஆசிரியருக்கும் மட்டுமே என்றும், எவ்வளவு காலம் வைத்திருப்பது என்றும் சேர்த்தே எழுதச் சொன்னேன். பதிவு செய்த விரிவுரைகள் யாருக்குச் சொந்தம், ஆசிரியர் வேறிடம் சென்ற பிறகும் அவற்றை ஓட்டலாமா என்ற கேள்வி எங்களிடம் இன்னும் தீராமல் கிடக்கிறது. பணியில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீர்த்துக்கொண்ட பல்கலைக்கழகத்தார் எவரேனும் இருந்தால் இங்கே எழுத வேண்டுகிறேன்.

துறை ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

பேராசிரியர் ஐயாவின் கேள்விக்கு எங்களிடமும் முழு விடை இல்லை. விரிவுரையைப் பதிவேற்றும்போதே அது எந்தப் பருவம்வரை காட்டப்படலாம் என்று ஆசிரியர் குறிக்கும் ஒரு படிவத்தை மட்டும் வைத்திருக்கிறோம். காலம் குறிக்காத காணொளிகள் அந்தப் பருவத்தோடு மறைக்கப்படும்.

பழைய தளத்தை எப்போது மூடினீர்கள் என்று தனியே கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன். புதியது வந்த நாளிலிருந்து பழையதில் எதையும் சேர்க்க முடியாதபடி செய்தோம், ஆனால் படிக்கத் திறந்தே வைத்தோம். மறுமதிப்பீடு கோருபவர்களும் நிலுவைத் தாள் எழுதுபவர்களும் பழைய ஒப்படைப்புகளையும் அவற்றின் மேல் ஆசிரியர் எழுதிய கருத்துகளையும் காட்ட வேண்டியிருக்கும். கடைசி நிலுவைத் தேர்வின் முடிவு வெளியாகி, மேல்முறையீட்டுக் காலமும் கழிந்த பிறகு, மதிப்பெண் பதிவேடுகளைத் தனியே எடுத்துப் பதிவாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிட்டு மூடலாம் என்பதே எங்கள் ஏற்பாடு. தங்கள் பாடக்குறிப்புகளை இறக்கிக்கொள்ள விரும்பும் ஆசிரியர்கள் அதற்குள் செய்துகொள்ள வேண்டும் என்ற அறிவிப்பு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் போகிறது.