புதுப்பிப்பு: அம்மாவோடு கன்னியாவுக்குப் போய் வந்தோம்

இலங்கையின் திருகோணமலைப் பக்கம், நிலாவெளியில் கடலோரம் தங்கும்போது, முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போகலாமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

இறங்கி ஊறும் தொட்டி அல்ல. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றின் சூடும் வேறு. அம்மா ஒவ்வொரு வாளியிலும் விரல் நுனியை வைத்துப் பார்த்தா, ஒன்றில் சட்டென்று கையை இழுத்தா. பிறகு இளஞ்சூட்டுக் கிணற்றோடேயே நின்றுவிட்டா. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு நல்ல நித்திரை.

இராவணன் இறந்த தன் தாயின் ஈமக்கிரியைக்காக நிலத்தைக் குத்தி எழுப்பிய நீர் என்பது ஐதீகம். அதைக் கேட்டதும் அம்மா, அம்மம்மாவை நினைத்து ஒரு வாளி ஊற்றினா.

முதியவர்களைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள், ஈரத்தரை வழுக்கும்.