விமானப் பாக வேலை நாடு மாறும்போது கோளாறு எங்கே நுழைகிறது? – மலேசியாவில் வேலை செய்யும் நால்வரின் அனுபவப் பகிர்வு

சுபாங், கார்பன் லேஅப் (கார்பன் தாள்களை அடுக்கும் வேலை)

மலேசியாவில் செய்தால் தரம் போய்விடும் என்பவர்கள் முதலில் ஃப்ரீசர் பதிவேட்டைக் கேட்கட்டும். பிரிபிரெக் எனும் பிசின் ஊறிய கார்பன் தாள் சுருள் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. சுருள் அறை வெப்பத்துக்கு வந்து, பையின் மேல் நீர் அரும்புவது நின்ற பிறகே கத்திரி. நம் ஊர் ஈரக்காற்றில் இதில் அவசரம் காட்டினால் ஈரம் உள்ளே இறங்கும். ஆட்டோகிளேவ் எனும் அழுத்த அடுப்பில் 180 டிகிரி, ஏறத்தாழ 7 பார் அழுத்தத்தில் வேகும்போது அது ஆவியாகி, அடுக்குகளுக்குள் குமிழாகத் தங்கிவிடும். மேலே பளபளப்புதான், அல்ட்ராசோனிக் ஸ்கேனில்தான் அகப்படும்.

ஃப்ரீசருக்கு வெளியே கழிந்த மணிநேரத்தைச் சுருளுக்குச் சுருள் எழுதுகிறோம். கார்கோ கிடங்கில் குளிர் விட்டுப்போன நேரமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பெட்டிக்குள் வரும் வெப்பப் பதிவுக் கருவியைப் படிக்காமல் சரக்கை ஏற்றால், வெளியே இருக்கக்கூடிய நேரம் தீர்ந்த பொருளில் வேலை நடக்கும். அடுக்கும்போது பிரிபிரெக்கிலிருந்து உரித்த பிளாஸ்டிக் தாள்களையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளே சிக்கியிருக்கலாம், கிடைக்கும்வரை அடுத்த அடுக்கு வேண்டாம்.

பினாங்கு, சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு மெஷின்)

அலுமினியத்தில் தொல்லை வேறு. கட்டியின் பெரும்பகுதியைச் சீவித் தள்ளுவதால் உள்ளே தேங்கிய இறுக்கம் விடுபட்டு பாகம் வளையும். ரஃபிங் (முதல்கட்டச் சீவல்) முடிந்ததும் கிளாம்பைத் தளர்த்தி, திருப்பிப் போட்டு, இழுக்காமல் பிடித்துவிட்டுத்தான் ஃபினிஷிங் (இறுதிச் சீவல்). கிளாம்பில் இருக்கும்போதே அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்!

இந்த வரிசை வரைபடத்தில் வராது. பழைய ஆலையில் மெஷின் முன் நின்றவருக்குத்தான் தெரியும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை இங்கே அனுப்பினால் முதல் லாட் குப்பைக்குத்தான். விமானத் துறையின் ஏஎஸ் 9102 தர விதிப்படி தயாரிக்கும் இடம் மாறினாலும், இரண்டு ஆண்டு தயாரிப்பு நின்றாலும் முதல் பாகச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது ஒரு பாகத்தை. ஐம்பதாவது பாகத்தில் தேய்ந்த டிரில் கார்பனின் பின்முகத்தைப் பிய்ப்பதை அது காட்டாது.

கோலாலம்பூர், தர ஆய்வு

பினாங்கு அண்ணன் சொன்னது சரி. கடல் கடந்தால்தான் பிழை வரும் என்பதும் இல்லை. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282 விமானத்தில் பிய்ந்துபோன கதவடைப்பில் (கதவு வைக்காத திறப்பை மூடும் பலகை) 4 போல்ட்டுகள் இல்லை. ரிவெட் பழுதுக்காக அதைத் திறந்த இடம் அமெரிக்காவிலேயே உள்ள போயிங்கின் ரென்டன் ஆலை. திறந்ததற்குப் பதிவே இல்லை.

சுபாங், என்டிடி (பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் வேலை)

வேலை போய்விடும் என்ற பயம் இரு கரையிலும் உண்டு. 2008-இல் போயிங் தொழிலாளர் எட்டு வாரத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்ததற்கு, வேலையை வெளியே கொடுப்பதும் ஒரு காரணம். நம் பக்கத்திலும் மோல்டும் (அச்சு) ஜிக்கும் (பாகத்தைப் பிடிக்கும் சட்டம்) பெரும்பாலும் வாடிக்கையாளர் சொத்து. விலை கசந்தால் அவற்றை வேறு நாட்டுக்கு ஏற்றிவிடலாம்.

தம்பிமார் ஒன்று கவனிக்க: என்டிடி ஆட்களுக்கான என்ஏஎஸ் 410 லெவல் 2 சான்றிதழை வழங்குவது முதலாளி. கம்பெனியை விட்டதும் அது செல்லாது. புது இடத்தில் மீண்டும் சான்றளிக்க வேண்டும். பயிற்சி மணி, அனுபவ மணி, தேர்வு மதிப்பெண், கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்ட நகலை ஆண்டுதோறும் வாங்கி வையுங்கள். ஆலை மூடிய பிறகு அதைத் தர எச்ஆரில் ஆள் இருக்காது.